டெக்சஸ் ஏரிகளில் பாஸ் பிடிக்க: எந்த லூர், எப்போது, எப்படி

லூர், அதாவது மீனை ஏமாற்றும் செயற்கை இரை, வாங்குவதைக் கடைசி வேலையாக வைத்துக்கொள்ளுங்கள். டாலஸ் பக்கம் குடிவந்து, ஏரிக்கரையில் தூண்டில் ராடும் கையுமாக நிற்பவர்களைப் பார்த்து ஆசைப்பட்டு, "எந்த லூர் வாங்கலாம்?" என்று கேட்கும் நண்பர்கள் எல்லோருக்கும் நான் சொல்வது இதுதான். கடையில் ஒரு சுவர் முழுக்க லூர் தொங்கும். தண்ணீரைப் பார்க்காமல் அங்கே போய் நின்றால் பர்ஸ் காலியாகும், பெட்டி நிறையும், மீன் மட்டும் வராது.

இங்கே பாஸ் என்றால் பெரும்பாலும் லார்ஜ்மவுத் பாஸ். நன்னீர் மீன், பச்சை உடம்பு, பக்கவாட்டில் கறுப்புப் பட்டை. வாயை மூடியிருக்கும்போதே மேல்தாடை கண்ணைத் தாண்டிப் பின்னால் போயிருக்கும். மறைவில் நின்றுகொண்டு, பக்கத்தில் வருவதைப் பாய்ந்து விழுங்குவது இதன் வழக்கம். ஊரில் தவளையைக் காட்டி விரால் பிடித்தவர்களுக்கு இந்தக் குணம் சட்டென்று பிடிபடும். மீன் எதில் ஒளிந்திருக்கிறது, அங்கிருந்து அதற்கு எவ்வளவு தூரம் கண் தெரிகிறது, துரத்தி வரத் தெம்பு இருக்கிறதா: இந்த மூன்றுக்கும் பதில் தெரிந்தால் லூர் தானாக முடிவாகிவிடும்.

படி 1: உரிமம்

டெக்சஸில் 17 வயது ஆனவர்கள் மீன்பிடி உரிமம் வாங்க வேண்டும். இணையத்திலும் வாங்கலாம், வால்மார்ட் மாதிரிக் கடைகளிலும் கிடைக்கும். ஜூன் மாதத்தின் முதல் சனிக்கிழமை மட்டும் மாநிலம் முழுக்க உரிமம் இல்லாமல் பிடிக்கலாம். மாநிலப் பூங்காவுக்குள் கரையில் நின்று பிடிக்க வருடம் முழுக்கவே உரிமம் வேண்டாம். அதனால் இந்தப் பொழுதுபோக்கு தங்களுக்குப் பிடிக்குமா பிடிக்காதா என்று தெரியாதவர்கள் பூங்காவில் ஆரம்பிப்பது நல்லது. குடியிருப்புக்குள் இருக்கும் குளம் என்றால் அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போங்கள்.

படி 2: ராட், ரீல், நரம்பு

ஆறரை அல்லது ஏழு அடி நீளத்தில் மீடியம் பவர் ஸ்பின்னிங் ராட், நரம்பு சுற்ற 2500 அளவு ரீல், 10 பவுண்டு தாங்கும் மோனோஃபிலமென்ட் நரம்பு. ஊரில் தங்கூஸ் என்கிறோமே, அதேதான். பெயிட்காஸ்டர் ரீல் பார்க்க அழகாக இருக்கும். பழகாத கையில் ஸ்பூலுக்குள் நரம்பு சிக்கிக்கொண்டு, அதைப் பிரிப்பதற்குள் இருட்டிவிடும். அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

முடிச்சு ஒன்று போதும்: பாலோமார். நரம்பை இரட்டையாக மடித்து முள்ளின் கண்ணுக்குள் விடுங்கள். தளர்வாக ஒரு சாதாரண முடிச்சு. மிஞ்சிய வளையத்துக்குள் முள் முழுவதையும் நுழைத்து எடுத்து இழுங்கள். இறுக்குவதற்கு முன் எச்சில் தொட்டு ஈரமாக்க வேண்டும். காய்ந்த நரம்பு ஒன்றோடொன்று உரசிச் சூடாகிப் பலம் குறைந்துவிடும்; பெரிய மீன் வரும்போது அந்த இடத்தில்தான் அறும்.

படி 3: லூரைத் தொடுமுன் தண்ணீரைப் பாருங்கள்

கரைக்குப் போனதும் வீசாதீர்கள். ஐந்து நிமிடம் சுற்றிப் பாருங்கள்.

முதலில் மறைவு. நாணல், அல்லி இலை, மூழ்கிய மரம், படகுத்துறையின் நிழல், கரையிலிருந்து சரியும் கற்குவியல். டெக்சஸ் ஏரிகள் ஏறக்குறைய எல்லாமே அணை கட்டி உண்டாக்கியவை. டாலஸுக்குக் கிழக்கே இருக்கும் லேக் ஃபோர்க்கில் மரங்கள் நின்றபடியே மூழ்கிப்போய், இன்றைக்கும் மொட்டையாகத் தலைநீட்டிக்கொண்டிருக்கின்றன. அந்த ஏரி பெரிய பாஸுக்குப் பேர் போனதற்கு அந்த மரங்களும் ஒரு காரணம். வெயில் ஏற ஏற மீன் மறைவோடு ஒட்டிக்கொள்ளும்; மேகம் மூடினால் வெளியே வந்து சுற்றும்.

அடுத்தது தெளிவு. வெள்ளை நிற லூர் ஒன்றை மெதுவாகத் தண்ணீரில் இறக்குங்கள். நான்கைந்து அடி ஆழம் வரை கண்ணுக்குத் தெரிந்தால் தெளிந்த தண்ணீர். ஓரடிக்குள் மறைந்தால் கலங்கல். தெளிந்த தண்ணீரில் பாஸ் கண்ணால் பார்த்து வரும். கலங்கலில் உடம்பின் பக்கவாட்டுக் கோட்டில் உணரும் அதிர்வை நம்பி வரும். ஆகவே தெளிந்த இடத்தில் அமைதியான, இயற்கை நிற லூர். கலங்கலில் அதிர்வு தரும், அடர்ந்த நிற லூர்.

மூன்றாவது தண்ணீரின் சூடு. இதைத்தான் புதியவர்கள் கவனிப்பதே இல்லை. பாஸுக்குத் தன் உடம்பைச் சூடாக வைத்துக்கொள்ளும் வழி கிடையாது. தண்ணீர் குளிர்ந்தால் அதுவும் மந்தமாகிவிடும். ஜனவரியில் தண்ணீர் 50 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குக் கீழே போனால், வேகமாக ஓடும் லூரை மீன் பார்த்துக்கொண்டே சும்மா நிற்கும். அதே மீன் 65 டிகிரியில் பாய்ந்து வரும். நிறத்தைப் பற்றிக் கடைக்காரர் எவ்வளவு பேசினாலும், என் கணக்கில் வேகம் முதலில், ஆழம் இரண்டாவது, நிறம் மூன்றாவதுதான்.

படி 4: மூன்று லூர் வாங்குங்கள்

*ஒன்று: மென்மையான குச்சிப் புழு.* கேரி யமமோட்டோவின் சென்கோதான் இதில் பெயர் பெற்றது; அதே வடிவில் மலிவானவையும் கிடைக்கின்றன. 5 அங்குலம், கிரீன் பம்ப்கின் என்ற பழுப்புப் பச்சை நிறம். உப்பு கலந்த பிளாஸ்டிக் என்பதால் ஈயம் இல்லாமலே மெல்ல மூழ்கும். 1/0 அளவு முள்ளைப் புழுவின் நட்டநடுவில் குத்திவிடுங்கள்; இதற்கு வேக்கி ரிக் என்று பெயர். வீசிவிட்டு எதுவும் செய்யாதீர்கள். நரம்பைத் தளர்த்திவிட்டால் புழுவின் இரண்டு முனையும் நடுங்கிக்கொண்டே கீழே போகும். கடி பெரும்பாலும் அந்த நேரத்தில்தான் வரும். தரையைத் தொட்டபின் ராடை ஓரடி தூக்கி மறுபடியும் விழவிடுங்கள். முதல் மீனை எதில் பிடிக்கலாம் என்று கேட்டால் யோசிக்காமல் இதைத்தான் காட்டுவேன். திறமை குறைவாகவும் பொறுமை அதிகமாகவும் கேட்கும் லூர்.

*இரண்டு: டெக்சஸ் ரிக்.* மரம், நாணல், பாசி எதற்குள்ளும் சிக்காமல் போய்வர இதுதான் வழி. பிளாஸ்டிக் புழுவை 1949இல் ஒஹாயோவின் ஆக்ரன் நகரில் நிக் க்ரீம் என்பவர் உருவாக்கினார்; பிறகு அவருடைய தொழில் டெக்சஸின் டைலர் நகருக்கே வந்து சேர்ந்தது. வேண்டியவை: 7 அங்குலப் புழு, 3/0 அளவு ஆஃப்செட் முள் (கண்ணுக்குக் கீழே மடிப்புள்ளது), துப்பாக்கிக் குண்டு வடிவ ஈயம் 3/16 அல்லது 1/4 அவுன்ஸ்.

ஈயத்தைக் கூர்முனை மேலே இருக்கும்படி நரம்பில் முதலில் கோத்துவிட்டு, அப்புறம் முள்ளைக் கட்டுங்கள். முள்நுனியைப் புழுவின் தலை உச்சியில் நேராகக் குத்தி, கால் அங்குலம் உள்ளே போனதும் பக்கவாட்டில் வெளியே எடுங்கள். முள்ளின் கண் தலைக்குள் புதையும்வரை புழுவை மேலே ஏற்றுங்கள். இப்போது முள்ளை அரைச்சுற்று திருப்பினால் நுனி புழுவைப் பார்த்து நிற்கும். முள்ளின் வளைவு புழுவில் எங்கே வந்து தொடுகிறதோ அங்கே நகத்தால் ஒரு கோடு கிழியுங்கள். புழுவை லேசாகச் சுருக்கிப் பிடித்து, அந்தக் கோட்டில் நுனியைக் குத்தி மறுபக்கம் கொண்டுவந்து, நுனியை மட்டும் தோலுக்கடியில் மறைத்துவிடுங்கள். தூக்கிப் பார்த்தால் புழு நேராகத் தொங்க வேண்டும். வளைந்திருந்தால் தண்ணீரில் சுழலும், நரம்பும் முறுக்கேறும். கழற்றி மறுபடி கோத்துவிடுங்கள், சோம்பல்பட வேண்டாம்.

வீசியபின் தரைவரை விடுங்கள். ராடைக் கடிகார முள்ளாக நினைத்துக்கொண்டு, பத்து மணி நிலையிலிருந்து பன்னிரண்டு மணி நிலை வரை மெல்ல உயர்த்தி, நரம்பைச் சுற்றிக்கொண்டே தாழ்த்துங்கள். கல்லில் உரசினால் கையில் கரகரக்கும். பாசியில் பட்டால் மெத்தென்று இழுக்கும். மீன் எடுத்தால் விரல்நுனியில் ‘டிக்’ என்று ஒரு தட்டு. சில சமயம் அதுவும் இருக்காது: நரம்பு சத்தமில்லாமல் பக்கவாட்டில் நகரும், அல்லது ஈயத்தின் எடையே திடீரென்று காணாமல் போகும். மூன்றும் மீன்தான். கலங்கல் தண்ணீரில் கறுப்பும் நீலமும் கலந்த புழுவைப் போடுங்கள்.

*மூன்று: ஸ்பின்னர்பெயிட்.* முன் இரண்டும் நின்று தேடுபவை. இது நடந்து தேட. வளைந்த கம்பியில் சுழலும் தகடு, கீழே பாவாடை கட்டிய முள். 3/8 அவுன்ஸ், வெள்ளை அல்லது வெள்ளையும் மஞ்சள்பச்சையும் கலந்தது. தகட்டில் இரண்டு வகை முக்கியம். உருண்டையான கொலராடோ அதிகம் அதிரும், கலங்கலுக்கு. இலை மாதிரி நீண்ட வில்லோ அதிகம் மின்னும், தெளிந்த தண்ணீருக்கு. காற்றடித்துத் தண்ணீர் நெளியும் கரையாகப் பார்த்து, தகடு சுழல்வதைக் கையில் உணரும் அளவு வேகத்தில் இழுத்து வாருங்கள். வழியில் மரக்கிளை இருந்தால் ஒதுங்கிப் போகாதீர்கள், அதில் இடிக்கவிடுங்கள். தடுமாறும் இரையைப் பாஸ் விடாது.

இவை கைக்குப் பழகியபின் வாங்க இரண்டு சொல்கிறேன். பிப்ரவரி, மார்ச்சில் பாசிப்படுகைமேல் இழுக்கச் சிவப்பு நிற லிப்லெஸ் கிராங்க்பெயிட், மீன் வடிவில் இருக்கும் கெட்டியான லூர். அது பாசியில் மாட்டியதும் சுண்டி விடுவிக்கிற அந்த நொடியில்தான் அடி விழும். கோடையில் விடிகாலையில் அல்லி இலைகளின் மேல் இழுக்க ரப்பர் தவளை. ஆனால் தவளைக்குத் தடித்த பிரெய்டு (பின்னிய) நரம்பும் கனமான ராடும் வேண்டும். மேலே சொன்ன ராடில் போட்டால் மீனும் தவளையும் இலைக்குள்ளேயே நின்றுவிடும்.

படி 5: பருவத்துக்குத் தக்க மாற்றுங்கள்

தண்ணீர் 60 டிகிரியைத் தாண்டும்போது பாஸ் முட்டையிடக் கரையோரம் வரும். டாலஸ் பக்கம் மார்ச், ஏப்ரல். கரையில் நிற்பவர்களுக்கு இதைவிட நல்ல காலம் கிடையாது. மூன்றடி ஆழத்தில் குச்சிப் புழு போதும். ஆண் மீன் கூட்டைக் காவல் காக்கும், அதைப் பிடித்தால் உடனே விட்டுவிடுங்கள். கோடையில் விடியலும் அந்தியும் மட்டும் கரையோரம், மற்ற நேரம் ஆழத்தில் டெக்சஸ் ரிக். இலையுதிர் காலத்தில் ஷாட் என்ற சின்ன மீன்கூட்டம் ஓடைகளுக்குள் ஏறும், பின்னாலேயே பாஸும் போகும்: வெள்ளை ஸ்பின்னர்பெயிட். குளிரில் எல்லாவற்றையும் பாதி வேகத்தில். வாடைக்காற்று அடித்து ஓய்ந்து வானம் பளிச்சென்று வெளுத்த மறுநாள் கடி குறைவாகத்தான் இருக்கும். சின்ன லூர், மெதுவான கை.

படி 6: கடித்தபின்

புழு லூர் என்றால் தொங்கும் நரம்பைச் சுற்றி எடுத்துவிட்டு, ராடை மேல்நோக்கி ஓங்கிச் சுண்டுங்கள். வேக்கி ரிக்குக்கு அவ்வளவு வேண்டாம்; முள் வெளியே இருப்பதால் இறுக்கமாகச் சுற்றினாலே ஏறும். தவளையில் தண்ணீர் வெடித்ததும் கை தானாகச் சுண்டும். அதை அடக்கி, எடை தெரிந்தபின் இழுங்கள். மீன் துள்ள மேலே வந்தால் ராடின் நுனியைத் தாழ்த்துங்கள்.

கையை நனைத்துக்கொண்டு, கட்டைவிரலை வாய்க்குள் விட்டுக் கீழ்த்தாடையைப் பிடியுங்கள். பல் மணல்தாள் போல இருக்கும், வெட்டாது. பெரிய மீனைத் தாடையை மட்டும் பிடித்துக் கிடைமட்டமாகத் தூக்கினால் தாடை பிசகும். வயிற்றுக்கு இன்னொரு கை கொடுங்கள்.

சாப்பிடலாமா என்று கேட்பீர்கள். சாப்பிடலாம். பொது விதிப்படி 14 அங்குலத்துக்குக் குறையாமல் நாளுக்கு 5. ஏரிக்கு ஏரி விதி மாறும்: லேக் ஃபோர்க்கில் 16 முதல் 24 அங்குலம் வரை உள்ளதைக் கட்டாயம் விட்டுவிட வேண்டும். லூசியானா எல்லையில் இருக்கும் காடோ ஏரி பாஸுக்குப் பாதரச எச்சரிக்கையே இருக்கிறது. குழம்புக்கு என்றால் என் ஓட்டு கெளுத்திக்குத்தான்.

லூரைப் பற்றி இவ்வளவு சொன்னபின் இதையும் சொல்ல வேண்டும். டெக்சஸ் மாநிலச் சாதனை பாஸ் 18.18 பவுண்டு, 1992 ஜனவரியில் பாரி செயின்ட் கிளேர் லேக் ஃபோர்க்கில் பிடித்தது. அவர் அன்றைக்குப் போட்டிருந்தது உயிருள்ள சின்ன மீன், தேடிப் போனதும் பாஸை அல்ல, கிராப்பி என்ற வேறொரு மீனை.

முதல் இடமாக டாலஸ்காரர்கள் ஜோ பூல் ஏரியில் இருக்கும் சீடர் ஹில் மாநிலப் பூங்காவை எடுத்துக்கொள்ளலாம். வடக்கே இருப்பவர்களுக்கு ரே ராபர்ட்ஸ் ஏரி மாநிலப் பூங்கா. சில மாநிலப் பூங்காக்களில் ராடும் பெட்டியும் இரவலாகவே கொடுப்பார்கள், போகுமுன் கேட்டுப் பாருங்கள். வார இறுதியில் நுழைவுச்சீட்டு தீர்ந்துவிடும். இரண்டு நாள் முன்னாலேயே இணையத்தில் பதிந்துவிடுங்கள்.