அயூத்தியா: இடிந்தாலும் கோயில்தான்

தாய்லாந்தின் பழைய தலைநகரான அயூத்தியாவில், வாட் மகாதாட் கோயிலுக்குள் நுழைந்ததும் எல்லோரும் ஒரே பக்கம்தான் நடக்கிறார்கள். மரத்தின் வேர்கள் பின்னிப் பிடித்திருக்கும் அந்தப் புத்தர் தலையைப் பார்க்கத்தான் அத்தனை வேகம். உடல் இல்லை. பாதி மூடிய கண்களும் லேசான சிரிப்புமாக, தரையை ஒட்டினாற்போல் முகம் மட்டும் இருக்கிறது. நான் போயிருந்த அன்று ஓர் இளைஞர் அதன் அருகில் நின்றபடி படம் எடுத்துக்கொள்ள முயன்றார். காவலர் ஒன்றும் சொல்லவில்லை. உள்ளங்கையைக் கீழ்நோக்கி இரண்டு முறை அழுத்திக் காட்டினார். இளைஞர் கேமராவைத் தாழ்த்தினார். காவலர் தாமே குந்தி உட்கார்ந்து காட்டிய பிறகுதான் விளங்கியது: புத்தரின் தலைக்கு மேலே நம் தலை இருக்கக் கூடாது.

அயூத்தியாவில் வெளியூர்க்காரர்கள் செய்யும் தவறுகளில் பாதி இந்த ஒரே இடத்திலிருந்துதான் முளைக்கின்றன. கூரை இல்லை, பூசை இல்லை, சுவரும் பாதிதான் இருக்கிறது. எனவே இது வெறும் பழைய கட்டடம் என்று நினைத்துவிடுகிறோம். தாய்லாந்துக்காரர்கள் அப்படி நினைப்பதில்லை. செங்கல் மேட்டின் முன்னே இருக்கும் தலையில்லாத சிலைக்கும் மஞ்சள் துணி போர்த்தி, ஊதுவத்தி ஏற்றிக் கும்பிட்டுவிட்டுப் போகிறார்கள்.

அந்தத் தலையில்லாத சிலைகளுக்குப் பின்னால் போய் நின்று, தன் தலையைச் சிலையின் கழுத்துக்கு மேல் வைத்துப் படம் எடுப்பது அடுத்த தவறு. இதை விளையாட்டு என்று யாரும் எடுத்துக்கொள்ள மாட்டார்கள். அந்தத் தலைகள் போன கதையும் விளையாட்டல்ல. 1767 ஏப்ரலில், பதினான்கு மாத முற்றுகைக்குப் பிறகு பர்மியப் படை நகரத்துக்குள் புகுந்து தீ வைத்தது. நானூறு ஆண்டுகளுக்கு மேல் தலைநகராக இருந்த ஊர் அத்துடன் முடிந்தது. ஆனால் எல்லாப் பழியையும் பர்மியர் மேல் போட்டுவிட முடியாது. பிற்காலத்தில் வந்த சிலைத் திருடர்களும் தலைகளை அறுத்துக் கொண்டுபோய் விற்றார்கள். முழுச் சிலையைவிடத் தலையைத் தூக்கிப்போவது எளிது. சிலைத் திருட்டு என்றால் என்ன என்று நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

செங்கல் மேடுகளில் ஏறுவதும் வேண்டாம். மேல்பூச்சு உதிர்ந்துபோன பழைய செங்கல், மிதிக்க மிதிக்கக் கரையும். தடுப்பு இல்லாத இடமென்றால் ஏறலாம் என்று பொருள் அல்ல. செருப்பு விஷயத்தில் நம்மவர்கள் வேறு விதமாகக் குழம்புகிறார்கள். திறந்தவெளி இடிபாடுகளில் செருப்போடு நடக்கலாம். வெயிலில் வெறுங்காலோடு நடக்கவும் முடியாது. ஆனால் கூரையுள்ள வழிபாட்டு மண்டபத்துக்குள் போனால் கட்டாயம் கழற்ற வேண்டும். பெரிய வெண்கலப் புத்தர் இருக்கும் மொங்கொன் போபிட் மண்டபம் இடிபாடுகளை ஒட்டியே இருப்பதால், நடந்த வேகத்திலேயே படியேறிவிடுகிறோம். உள்ளே உட்காரும்போது கால்களைப் புத்தரை நோக்கி நீட்டாமல் பின்பக்கம் மடித்துக்கொள்ளுங்கள். துறவிகளைப் பெண்கள் தொடக் கூடாது. கையில் நேரடியாக எதையும் கொடுக்கவும் கூடாது.

இனி அரண்மனை. பாங்காக் அரண்மனையின் தங்க ஓடுகளைப் பார்த்த கண்ணோடு மறுநாள் இங்கே வருகிறவர்கள் ஏமாந்துபோகிறார்கள். "அரண்மனை எங்கே?" என்று கேட்டபடி அதன் மேலேயே நின்றுகொண்டிருப்பார்கள். அடித்தளக் கோடுகளும் புல்லும்தான் மிச்சம். எரிந்தது ஒரு காரணம். இன்னொரு காரணத்தைப் பலர் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள்: பாங்காக்கைப் புதிய தலைநகராகக் கட்டியபோது, இங்கே கிடந்த செங்கற்களைப் படகுகளில் ஏற்றி ஆற்றோடு கொண்டுபோய் அந்த ஊர் மதிலைக் கட்டினார்கள்.

அரண்மனைக்குப் பக்கத்தில் வரிசையாக நிற்கும் மூன்று ஸ்தூபிகள்தான் வாட் பிரா சி சன்பெட். மன்னர்களின் அஸ்தியை வைத்த இடம் அது. துறவிகள் தங்காத, அரச குடும்பத்துக்கு மட்டுமான கோயில். பாங்காக்கின் மரகத புத்தர் கோயிலுக்கு இதுவே முன்மாதிரி. இங்கே 1500இல் வார்த்த, சுமார் 16 மீட்டர் உயரமுள்ள, பொன் போர்த்திய நின்ற கோலப் புத்தர் இருந்தார். பொன்னை உருக்கி எடுக்கப் பர்மியர் நெருப்பு மூட்டினார்கள். எஞ்சிய உள்ளுடலைப் பிறகு, பாங்காக்கைத் தலைநகராக்கிய மன்னர் முதலாம் ராமா அங்கே கொண்டுபோய், வாட் போ கோயிலில் ஒரு ஸ்தூபிக்குள் வைத்தார். எனவே பாங்காக்கையும் அயூத்தியாவையும் இரண்டு தனி ஊர்களாகப் பார்க்காதீர்கள். இங்கே காணாமல் போனதில் ஒரு பங்கு அங்கே இருக்கிறது.

இன்னொரு பங்கு இங்கேயே, அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதைத் தவிர்ப்பதைத்தான் எல்லாவற்றிலும் பெரிய தவறு என்பேன். வாட் ராட்சபுரானா 1424இல் எழுந்த கதை இப்படி: பட்டத்துக்காக அண்ணன்மார் இருவர் யானை மேலிருந்து போரிட்டு, இருவருமே மாண்டார்கள். அரியணை மூன்றாமவருக்குத் தானாக வந்தது. அண்ணன்களை எரித்த இடத்தில் அவர் கோயில் கட்டினார். 1957இல் திருடர்கள் அதன் கோபுரத்துக்கு அடியில் இருந்த நிலவறையைத் தோண்டிப் பொன்னை அள்ளிக்கொண்டு போனார்கள். மீட்டதும் மிஞ்சியதும் சாவ் சாம் பிரயா அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. மண்டியிட்ட ஒரு சிறிய பொன் யானை இருக்கிறது. அதன் முன் கால் மணி நேரம் நின்றேன். கோபுரத்துக்குள் செங்குத்தான படிகளில் இறங்கி, நிலவறையின் மங்கிப்போன சுவரோவியங்களைப் பார்த்துவிட்டு, அதன் பிறகு யானையைப் பாருங்கள். திங்கட்கிழமை போய்ப் பூட்டிய கதவைப் பார்க்காதீர்கள். தேசிய அருங்காட்சியகங்கள் வாரத் தொடக்கத்தில் மூடியிருப்பது வழக்கம்.

நம்மவர்களுக்கென்றே ஒரு தவறும் உண்டு. பெயர் அயோத்தியிலிருந்து வந்தது; 1351இல் நகரை நிறுவியவரின் பட்டப்பெயர் ராமாதிபோதி. இதை வைத்துக்கொண்டு "இது நம்முடையது" என்று கிளம்புகிறவர்களும், ராமர் கோயிலைத் தேடுகிறவர்களும் இருக்கிறார்கள். ஊர் தேரவாத பௌத்த ஊர். சோளக்கொண்டை போல் எழும் கோபுரங்கள் கம்போடியாவின் கெமர் கட்டடக் கலையின் வழிவந்தவை. நமக்கு உண்மையிலேயே உள்ள தொடர்பு வேறு இடத்தில், சத்தமில்லாமல் இருக்கிறது. சயாம் என்று அன்று அழைக்கப்பட்ட தாய்லாந்தின் அரசவையில் பிராமணர்கள் இருந்தார்கள். அவர்கள் நடத்திவந்த சடங்கின் பெயர் திரியம்பாவாய்-திரிபாவாய். திருவெம்பாவையும் திருப்பாவையும்தான் அப்படி மருவின. இன்றும் பாங்காக்கின் பிராமணர் கோயிலில் அது நடக்கிறது.

இன்னொரு தொடர்பு, பழைய நகரம் இருக்கும் தீவுக்கு மேற்கே ஆற்றைக் கடந்தால் வரும் வாட் தம்மாராம் கோயில். சுற்றுலாப் பஸ் நிற்பதில்லை. இலங்கையில் முறைப்படி துறவுப் பட்டம் கொடுக்கத் துறவிகளே இல்லாமல் போன காலத்தில், கண்டியை ஆண்ட நாயக்கர் வம்சத்து மன்னர் கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கர் இங்கே தூது அனுப்பினார். இந்தக் கோயிலிலிருந்து உபாலி தேரர் புறப்பட்டுப்போய் 1753இல் கண்டியில் துறவு மரபைத் திரும்பத் தொடங்கிவைத்தார். இன்றும் அதற்குச் சியாம் நிகாயம் என்றே பெயர். அவரை அனுப்பிவைத்த நகரம் அடுத்த பதினான்கு ஆண்டுகளில் சாம்பலானது.

பயண ஏற்பாடுகளில் வரும் தவறுகளை வேகமாகச் சொல்லிவிடலாம். பாங்காக்கிலிருந்து சுமார் 80 கிலோமீட்டர்தானே என்று அரை நாளை ஒதுக்காதீர்கள். நான் முதல் முறை அப்படித்தான் ஓர் ஏப்ரலில் போனேன். பதினொரு மணிக்கு இறங்கி, இரண்டு மணிக்குத் தலைவலியோடு திரும்பினேன். நவம்பர் முதல் பிப்ரவரி வரை போவது நல்லது. அக்டோபரில் ஆறு ஏறும். 2011 வெள்ளம் கோயில்களுக்குள்ளேயே வந்தது.

ரயிலில் போகிறவர்கள் எந்த நிலையத்தில் ஏற வேண்டும் என்று பார்த்துக்கொள்ளுங்கள். 2023 தொடக்கத்திலிருந்து தொலைதூர ரயில்கள் பாங்காக்கின் பாங்சூ பகுதியில் உள்ள புதிய நிலையத்திலிருந்து கிளம்புகின்றன. மலிவான சாதாரண ரயில்களுக்குத்தான் பழைய ஹுவா லம்போங் நிலையம். அயூத்தியாவில் இறங்கியதும் கோயில் தெரியவில்லையே என்று திகைக்க வேண்டாம். பழைய நகரம் மூன்று ஆறுகள் சூழ்ந்த தீவு. நிலையம் அக்கரையில் இருக்கிறது. எதிர்த் தெருவின் முடிவில் ஒரு படகு நிற்கும், சில்லறையோடு ஏறுங்கள்.

தீவுக்குள் எல்லாம் இருக்கிறது என்று நினைப்பதும் தவறு. 1630இல் பிரசாத் தோங் மன்னர் கட்டிய வாட் சாய்வட்டநாராம் மேற்குக் கரையில் இருக்கிறது. மாலை வெயில் அதன் கோபுரங்களில் விழும் நேரத்தைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள். நகரத்தைவிடப் பழைய வாட் பனன்சோங் தெற்கே இருக்கிறது. 1324இல் அமைத்த அதன் மாபெரும் புத்தருக்குச் சீனக் குடும்பங்கள் இன்றும் காவித் துணி சாத்துகின்றன. சைக்கிள் தீவுக்குப் போதும். அக்கரைகளுக்குத் தவளை மூஞ்சி டுக்டுக் ஆட்டோவை மணிக்கணக்கில் பேசிக்கொள்வதே புத்திசாலித்தனம். எத்தனை மணி, எத்தனை கோயில் என்பதை ஏறுமுன் பேசுங்கள். ஆறு இடங்களுக்குச் சேர்த்துத் தரும் டிக்கெட்டை முதல் கோயிலிலேயே கேளுங்கள். மூன்றாவது கோயிலில் நினைவு வந்து பயனில்லை.

தெற்கே பாங் பா-இன் கோடை அரண்மனைக்கும் போவதென்றால், அரைக்கால் சட்டையும் கையில்லாச் சட்டையும் வாசலிலேயே நிற்க வேண்டியதுதான். கோயில்களில் கண்டும் காணாமலும் விடுகிறவர்கள் இங்கே விடுவதில்லை. புத்தர் சிலை வாங்குவதாக இருந்தால், நுண்கலைத் துறையின் அனுமதி இல்லாமல் அதை நாட்டைவிட்டு எடுத்துவர முடியாது என்பதை விலை பேசும்போதே நினைத்துக்கொள்ளுங்கள்.

சாப்பாட்டில் ஒரு தவறு, என்னுடையது. அயூத்தியாவின் பேர்போன தின்பண்டம் ரொட்டி சாய் மாய். முஸ்லிம் குடும்பங்கள் தெருவோரத்தில் செய்கின்றன. கைநிறைய ஈரமான மாவைச் சூடான கல்லில் ஒற்றி எடுத்தால், காகிதம் போல் ஒரு வட்டம் ஒட்டிக்கொள்ளும். ஓரம் சுருண்டதும் உரித்து, வண்ண வண்ணப் பஞ்சுமிட்டாய் இழைகளை உள்ளே வைத்துச் சுருட்டுகிறார்கள். அதை அன்றைக்கே தின்றுவிட வேண்டும். நான் இரண்டு பொட்டலங்களைப் பத்திரமாகப் பெட்டியில் வைத்து ஊருக்குக் கொண்டுவந்தேன். திறந்தபோது பச்சை நிறத்தில் இரண்டு சர்க்கரைக் கட்டிகள் இருந்தன.