பக்தர்கள் வாதிடும்போது சறுக்கும் இடங்கள்

யாழ்ப்பாணத்துச் சைவ அறிஞர் ஆறுமுக நாவலர் நெற்றித் திருநீற்றோடு வெஸ்லியன் பாதிரியார் பேர்சிவலின் அருகில் உட்கார்ந்து, விவிலியத்தைத் தமிழாக்கப் பல ஆண்டுகள் உதவினார். பின்னாளில் மிஷனரிகளைக் கடுமையாக மறுத்து எழுதினார் என்றாலும், அந்த வேலையை மரியாதையோடுதான் முடித்துக் கொடுத்தார். அதே நாவலர் ஏறத்தாழத் தம் வயதினரும், தம்மைப் போலவே தில்லைக் கூத்தனை வணங்கியவருமான வள்ளலாரோடு மோதியபோது, விவகாரம் 1869-இல் கடலூர் மஞ்சக்குப்பம் நீதிமன்றப் படியேறியது. அயலாரிடம் காட்டும் நிதானத்தைப் பங்காளியிடம் காட்ட முடிவதில்லை. நம்முடைய தவறுகளில் பெரும்பாலானவை இங்கேதான் தொடங்குகின்றன.

சண்டைக்குக் காரணமான கேள்வி நல்ல கேள்வி. 1867-இல் வள்ளலார் பாடல்கள் நூலானபோது அதற்குத் ‘திருவருட்பா’ என்று பெயரிட்டவர் அவருடைய மாணவர் தொழுவூர் வேலாயுத முதலியார். பகுதிகளுக்குத் ‘திருமுறை’ என்றும் பெயர் வந்தது. வாழும் ஒருவரின் பாட்டைத் தேவார, திருவாசகத்துக்கு நிகராக வைக்கலாமா? இதை இரு தரப்பும் நூல்களைக் காட்டிப் பேசியிருக்கலாம். ஆனால் பேச்சு பாட்டை விட்டு ஆளிடம் போனது. இன்றும் அப்படித்தான். பிறையைக் கண்ணால் பார்க்க வேண்டுமா, கணக்கிட்டால் போதுமா என்று தொடங்குவோம். குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுக்கலாமா என்று தொடங்குவோம். மூன்றாவது வாக்கியத்தில் ‘நீயெல்லாம் ஒரு விசுவாசியா?’ என்று வந்து நிற்கும். அந்த வாக்கியம் நாக்கில் வரும்போதே, எந்தக் கருத்தை மறுக்க வந்தோம் என்று ஒருமுறை நினைத்துக்கொள்வது நல்லது.

அடுத்த தவறு, பட்டப்பெயர் வைப்பது. அருட்பாவை எதிர்த்தவர்கள் அதை ‘மருட்பா’ என்றார்கள். வெண்பாவும் ஆசிரியப்பாவும் கலந்து வரும் ஒரு பா வகைக்கு இலக்கணத்தில் அதுதான் பெயர். பாவம், அந்தச் சொல் ஏச்சாகிவிட்டது. எதுகை மோனையோடு ஒரு கேலி கிடைத்துவிட்டால் அதற்குப் பிறகு யாரும் வாதத்தைக் கேட்பதில்லை.

இளையவர்களைச் சண்டைக்குள் இழுப்பதுதான் எனக்கு மிகவும் உறுத்துகிறது. வள்ளலார் மறைந்து பல ஆண்டுகள் கழித்தும், அருட்பாவை எதிர்த்த தமிழறிஞர் கதிரைவேற் பிள்ளை காலத்தில் பூசல் மறுபடி நீதிமன்றம் போனது. அவருடைய மாணவராக இருந்த திரு.வி.க., ஆசிரியருக்காகச் சாட்சி சொல்லப் போய்ப் பள்ளி இறுதித் தேர்வை எழுத முடியாமல் போனார். பெரியவர்களின் வைராக்கியத்துக்கு ஒரு பையனின் படிப்பு விலையானது.

‘ஆண்டவனே என் பக்கம்’ என்று முடிப்பதும் தவறுதான். அதற்கு எதிராளி என்ன பதில் சொல்வார்? ஆனால் மரியாதை என்றால் வாயை மூடிக்கொள்வது என்று நினைக்க வேண்டாம். கூட்டத்தில் தலையாட்டிவிட்டு வாசலில் செருப்பு மாட்டும்போது முணுமுணுப்பவரைவிட, தனியே அழைத்து ‘ஐயா, நீங்கள் சொன்னதில் எனக்கு உடன்பாடில்லை’ என்பவர் மேல்.

கடைசியாக ஒன்று, எதிர்த் தரப்பின் நூலைப் படிக்காமலே மறுப்பது. சைவர்கள் ஒருவரையொருவர் ஏசிக்கொண்டிருந்த அந்தப் பூசலில், அருட்பாவின் பக்கம் நின்று மேடையேறி வாதாடியவர்களில் ஒருவர் செய்குத்தம்பிப் பாவலர். இடலாக்குடியைச் சேர்ந்த இஸ்லாமியர். வேற்று மதத்தவரான அவரே அந்த நூலைப் படித்துத்தான் பேசினார்.