ஸ்டாக் படங்கள் ஏன் திரும்பி வருகின்றன?

சிங்கப்பூரின் லிட்டில் இந்தியா வட்டாரமான தேக்காவில் தீபாவளி ஒளியூட்டைப் படமெடுத்திருந்தேன். சிராங்கூன் சாலைக்குக் குறுக்கே அலங்கார வளைவு, அப்போதுதான் மழை விட்டிருந்த சாலையில் அதன் நிறங்கள். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் எல்லாரும் பாராட்டினார்கள். அந்தத் தெம்பில் ஒரு ஸ்டாக் புகைப்பட நிறுவனத்துக்கு, அதாவது பலரின் படங்களைத் திரட்டி வைத்து வேண்டுபவர்களுக்கு விற்கும் நிறுவனத்துக்கு, அனுப்பினேன். இரண்டே நாளில் திரும்பி வந்தது. மூன்று காரணங்கள் சொல்லியிருந்தார்கள்: ஃபோகஸ் சரியில்லை, நாய்ஸ் அதிகம், வணிகச் சின்னங்கள் தெரிகின்றன. படம் அழகாக இல்லை என்று ஒரு வார்த்தைகூட இல்லை.

அந்த மூன்றையும் கணினியில் உட்கார்ந்து திருத்த முயன்றேன், முடியவில்லை. ஏனென்றால் மூன்றும் நான் சாலையோரம் நின்றபோதே நடந்துவிட்டவை. அதன் பிறகு திரும்பி வந்த படங்களையெல்லாம் வைத்துப் பார்க்கிறேன். பெரும்பாலான தவறுகள் ஷட்டரை அழுத்தும் முன்பே தொடங்கிவிடுகின்றன.

முதலில் ஃபோகஸ். 24 மெகாபிக்சல் கேமரா தரும் படம் 6000க்கு 4000 பிக்சல். கைபேசித் திரையில் அது சுருங்கித்தான் தெரியும். மொத்தப் பிக்சல்களில் பத்தில் ஒரு பங்குகூட நம் கண்ணுக்கு வராது. லேசான கை நடுக்கம், இருட்டுப் பகுதியில் மணல் தூவியதுபோல் இருக்கும் நாய்ஸ் எல்லாம் அந்தச் சுருக்கத்தில் மறைந்துவிடும். நிறுவனத்தின் பரிசோதகரோ படத்தை முழு அளவில், அதாவது 100 சதவீதத்தில் விரித்துப் பார்க்கிறார். காரணம் எளிது. வாங்குகிறவர் அதைப் பேருந்து நிறுத்த விளம்பரப் பலகை அளவுக்குப் பெரிதாக்கக்கூடும். ஆகவே அனுப்பும் முன் நீங்களும் 100 சதவீதத்தில் வைத்து, ஒரு மூலையில் தொடங்கி மறு மூலை வரை நகர்த்திப் பாருங்கள். முகம் இருந்தால் கண் கூர்மையாக இருக்க வேண்டும். காதில் ஃபோகஸ் விழுந்த படத்தை எந்த மென்பொருளாலும் மீட்க முடியாது.

என் ஒளியூட்டுப் படத்தைக் கையில் பிடித்தபடி, ஐஎஸ்ஓ (ஒளியுணர்வு அளவு) 6400, ஷட்டர் வேகம் 1/15 வினாடி வைத்து எடுத்தேன். இரவு 9 மணி. வானம் கறுத்துப் போயிருந்தது. நிழல் பகுதிகளை லைட்ரூம் என்ற திருத்தும் மென்பொருளில் வெளிச்சமாக்கியதும் நாய்ஸ் இன்னும் எழுந்தது. அதை அடக்க நாய்ஸ் ரிடக்‌ஷனைக் கூட்டினேன். நடந்து போனவர்களின் முகம் மெழுகு பூசியதுபோல் ஆனது. இப்போது முக்காலி இல்லாமல் போவதில்லை. ஐஎஸ்ஓ 100, லென்ஸ் துளை எஃப்/8, ஷட்டர் இரண்டு வினாடி, கை படாமலிருக்க டைமர். இதில் இன்னொரு நன்மையும் உண்டு: அந்த இரண்டு வினாடியில் ஓடும் வாகனங்கள் ஒளிக்கோடுகளாகிவிடும். பேருந்தின் விளம்பரமும் காரின் எண் பலகையும் தானாகவே அழிந்துவிடும்.

நேரமும் முக்கியம். நாம் நிலநடுக்கோட்டுக்கு ஏறத்தாழ ஒரு பாகை வடக்கே இருக்கிறோம். சூரியன் செங்குத்தாக இறங்குவதால் அந்தி நீடிப்பதில்லை. ஐப்பசியில் 7 மணிக்குச் சற்று முன்பே சூரியன் மறைந்துவிடும். ஏழேகால் வரைதான் வானத்தில் நீலம் இருக்கும். ஆறரைக்கே முக்காலியைப் பொருத்தி, நடைபாதையில் யாருக்கும் இடைஞ்சல் இல்லாமல் நின்றுவிட வேண்டும்.

பகல் படங்களுக்கும் இதே மாதிரி ஒரு கணக்கு உண்டு. நம் கடிகாரம் ஊரின் இயற்கையான நேரத்தைவிட ஏறக்குறைய ஒரு மணி நேரம் முந்தி ஓடுவதால், சூரியன் உச்சிக்கு வருவது 12 மணிக்கு அல்ல, 1 மணியளவில். மதியச் சாப்பாட்டு நேரத்தில் வெளியில் எடுக்கும் முகப் படங்களில் கண் குழிகள் கறுத்துவிடுவது அதனால்தான். வேறு வழியில்லை என்றால், பழைய கடைவீடுகளுக்கு முன்னால் உள்ள கூரையிட்ட நடைபாதைக்குள் ஆளை நிறுத்துங்கள். சாலையில் பட்டுத் திரும்பும் ஒளி முகத்தில் மென்மையாக விழும். எனக்குப் பிடித்த முகப் படங்கள் பெரும்பாலும் அங்கே எடுத்தவைதான்.

குளிரூட்டிய எம்ஆர்டி ரயிலிலிருந்து இறங்கியதும் கேமராவை வெளியே எடுக்காதீர்கள். ஈரக்காற்று பட்டவுடன் லென்ஸில் பனி படியும். படம் முழுக்க மங்கலாகும். பையை மூடியபடியே அரை மணி நேரம் விடுங்கள். வீட்டில் லென்ஸ்களை ஈரம் புகாத பெட்டியில் வைப்பது நல்லது, இந்த ஊர்க் காற்றில் பூஞ்சை சீக்கிரம் பிடிக்கும். சென்சாரில் தூசி இருந்தால் வானத்தில் சாம்பல் புள்ளிகளாகத் தெரியும். அவற்றை அழிக்க ஒரு நிமிடம் போதும், ஆனால் தேடிப் பார்த்தால்தான் கண்ணில் படும்.

சரி, உரிமை விஷயத்துக்கு வருவோம். அதிகம் பேர் தடுக்கி விழும் இடம் இதுதான்.

ஸ்டாக் படங்கள் இரண்டு வகையில் விற்கப்படுகின்றன. விளம்பரத்துக்குப் பயன்படுபவை கமர்ஷியல். செய்தி, கட்டுரை, பாடநூலுக்குப் பயன்படுபவை எடிட்டோரியல். கமர்ஷியல் படத்தில் அடையாளம் தெரியும் ஒவ்வொருவரும் ஒப்புதல் படிவத்தில் கையெழுத்திட வேண்டும். உங்கள் அம்மாவாக இருந்தாலும் சரி, நீங்களே உங்களை எடுத்துக்கொண்டாலும் சரி, படிவம் வேண்டும். பிள்ளைகளுக்குப் பெற்றோர் கையெழுத்திட வேண்டும். தேக்காவில் பூக்கட்டும் அக்கா புன்னகைத்துச் சம்மதித்தது படமெடுப்பதற்கு மட்டுமே; அவர் முகத்தை விளம்பரத்தில் போடுவதற்கு அல்ல. படிவத்தைப் பையில் வைத்திருங்கள், எதற்கு என்பதைத் தமிழில் பொறுமையாக விளக்குங்கள். அவர் தயங்கினால் கைகளையும் மல்லிகைச் சரத்தையும் மட்டும் எடுங்கள்.

அடுத்தது சின்னங்கள். சட்டையில் ஒரு முத்திரை, தண்ணீர்ப் போத்தலின் லேபிள், டாக்சிக் கதவில் நிறுவனப் பெயர், பின்னால் வங்கிப் பலகை. இதில் ஒன்று தெரிந்தாலும் கமர்ஷியலாக ஏற்கமாட்டார்கள். கோப்பிக்கடையில் படமெடுக்கும்போது மேசையை முதலில் காலி செய்துவிடுவேன். சுவரோவியங்களும் அப்படித்தான். லிட்டில் இந்தியாவின் சுவர்களில் அருமையான ஓவியங்கள் உண்டு, ஆனால் அவை ஓவியர்களின் படைப்பு. மெர்லயன் உருவம் சிங்கப்பூர்ப் பயணத்துறைக் கழகத்தின் பாதுகாப்பில் உள்ள சின்னம். தனித்த வடிவமைப்புடைய கட்டடங்களுக்கும் கட்டுப்பாடு இருக்கலாம். பொது இடத்தில் நின்று எடுக்கச் சட்டம் அனுமதிக்கிறதே என்று நினைக்கலாம். நிறுவனங்கள் சட்டத்தைவிடக் கறாராக இருக்கின்றன; எதை ஏற்பதில்லை என்ற பட்டியலை அவற்றின் தளத்திலேயே வைத்திருக்கின்றன. புறப்படும் முன் அதைப் படித்துவிடுங்கள்.

தைப்பூசத்தை எடுத்துக்கொள்வோம். பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு தெண்டாயுதபாணி கோயில் வரை நடக்கும் காவடிகளுக்கு யாரிடம் படிவம் வாங்குவது? அது எடிட்டோரியலாகத்தான் போக வேண்டும். அங்கே விதி தலைகீழ்: எதையும் அழிக்கக் கூடாது, சேர்க்கவும் கூடாது. முன்பு ஒரு குடிநீர் நிலையப் பதாகையைப் படத்திலிருந்து நீக்கிவிட்டு எடிட்டோரியலாக அனுப்பினேன். நிராகரித்தார்கள், அது நியாயம்தான். செய்திப் படம் நடந்ததை நடந்தபடி காட்ட வேண்டும். ஷட்டர்ஸ்டாக் போன்ற நிறுவனங்களுக்கு எடிட்டோரியல் விவரக் குறிப்பு நகரம், நாடு, தேதி என்று தொடங்க வேண்டும். அது பிசகினாலும் படம் திரும்பும்.

திருத்தும்போது செய்யும் தவறுகளைச் சுருக்கமாகவே சொல்லலாம். நிறத்தை ஏற்றாதீர்கள், வாங்குபவர் தன் தேவைக்கு ஏற்ப ஏற்றிக்கொள்வார். பெயர், தேதி, ஓரக்கட்டம் எதுவும் வேண்டாம். நிற வெளி (படத்தில் பதியும் நிறங்களின் வரம்பு) எஸ்ஆர்ஜிபியாக இருக்கட்டும். ஷட்டர்ஸ்டாக்கும் அடோபி ஸ்டாக்கும் குறைந்தது 4 மெகாபிக்சல் கேட்கின்றன. 24 மெகாபிக்சல் படத்தில் அகலத்திலும் உயரத்திலும் மூன்றில் ஒரு பங்கை மட்டும் வெட்டி எடுத்தால் மிஞ்சுவது 3க்கும் குறைவு. மென்பொருளில் இழுத்துப் பெரிதாக்கினால் பரிசோதகருக்குத் தெரிந்துவிடும்.

ஒரே வாழையிலைச் சாப்பாட்டை 14 படங்களாக அனுப்புவதும் வீண். ஒன்றையொன்று ஒத்த படங்கள் என்று கொத்தாகத் திருப்புவார்கள். மேலிருந்து ஒன்று, சாம்பார் ஊற்றும் கையோடு ஒன்று, போதும்.

குறிச்சொற்களில் அவசரம் வேண்டாம். அடோபி ஸ்டாக்கில் 49 வரை கொடுக்கலாம், முதல் பத்துக்கே அதிக மதிப்பு. 49ஐயும் நிரப்ப வேண்டும் என்பதற்காகப் படத்தில் இல்லாததை எழுதாதீர்கள். லிட்டில் இந்தியாவில் எடுத்த படத்துக்கு நாட்டின் பெயராக இந்தியா என்று போடுவதை நிறையப் பார்க்கிறேன். வாங்குபவரை அது ஏமாற்றும். பூவை எடுத்தால் வெறும் ‘பூ’ என்று விடாமல் அதன் பெயரைக் கண்டுபிடியுங்கள். வாண்டா மிஸ் ஜோக்கிம் என்று தேடி வருபவருக்கு வேறு ஆர்க்கிட் பயன்படாது.

எதை எடுப்பது என்று கேட்பவர்களிடம் நான் மெரினா பேயைச் சொல்வதில்லை. வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) அடுக்குமாடி வீட்டு அடுப்பில் பொங்கும் பானை, புளோக்கின் கீழ்த்தளத்தில் நடக்கும் கல்யாணச் சமையல், பேரனோடு காணொளியில் பேசும் பாட்டி: இவற்றை நம்மைப்போல் உள்ளிருந்து எடுக்க வேறு யாரால் முடியும்? வீட்டுக்குள் என்றால் படிவம் வாங்குவதும் எளிது, மேசையில் உள்ள லேபிளைத் திருப்பி வைப்பதும் எளிது.

நிராகரிப்பு வந்தால் காரணத்தைப் படித்துவிட்டு, மற்ற குறைகளையும் நீங்களே தேடுங்கள். ஒன்றைச் சொல்லி மற்றதைச் சொல்லாமல் விடுவதுண்டு. திருத்தாமல் அதையே மறுபடி அனுப்பாதீர்கள். சின்னம், தூசி, குறிச்சொல் என்றால் திருத்தி அனுப்பலாம். ஃபோகஸ் என்றால் திரும்பிப் போய் எடுக்க வேண்டியதுதான். ஒளியூட்டு ஒரு மாதத்துக்கு மேல் இருக்கும். மறு ஆண்டு அதே சிராங்கூன் சாலையில், ஏழு மணிக்கு, முக்காலியோடு நின்றேன். அலங்காரமும் ஒருவரின் வடிவமைப்பு என்பதால் எடிட்டோரியலாக அனுப்பினேன். ஏற்றுக்கொண்டார்கள்.