தேர்தல் வேலைக்கு வரும் பிள்ளைகளைச் சோர விடாமல் வைத்திருப்பது எப்படி

இலங்கையில் 2024 செப்டெம்பர் 21 ஜனாதிபதித் தேர்தல், நவம்பர் 14 பாராளுமன்றத் தேர்தல், 2025 மே 6 உள்ளூராட்சித் தேர்தல். எட்டு மாதத்துக்குள் மூன்று. மட்டக்களப்பிலும் அம்பாறைக் கரையோரத்திலும் இந்த மூன்றுக்கும் நோட்டீஸ் கொடுத்து, வீடு வீடாக நடந்து, கடைசி நாளில் வாக்களிப்பு நிலையத்தில் முகவராகவும் போய் உட்கார்ந்தவர்கள் பெரும்பாலும் அதே பிள்ளைகள்தான். கிழக்கு மாகாண சபையின் காலம் 2017இல் முடிந்தது, அதற்கான தேர்தல் வரும்போது திரும்பவும் இவர்களைத்தான் கூப்பிடப் போகிறோம். அதனால் எந்தக் கட்சியாக இருந்தாலும் சரி, சுயேச்சைக் குழுவாக இருந்தாலும் சரி, வட்டாரத்தில் வேலையை ஒழுங்குபடுத்துகிற ஆளுக்கு இது உதவும் என்றுதான் எழுதுகிறேன்.

முதல் கிழமை கூட்டம் நிற்கும். மூன்றாவது கிழமை போன் அடித்தால் எடுக்க மாட்டார்கள். வேலை கூடிவிட்டது, வெயில், சம்பளமில்லை என்று நாமே காரணம் சொல்லிக்கொள்வோம். நான் பார்த்த வரைக்கும் வேலை கூடியதால் விட்டுப்போனவர்கள் குறைவு. எங்கே போய் என்ன செய்ய வேண்டும் என்று யாரும் தெளிவாகச் சொல்லாததாலும், செய்துவிட்டு வந்ததை யாரும் கேட்காததாலும் விட்டுப்போனவர்கள்தான் அதிகம். இந்த இரண்டையும் சரி செய்தால் மிச்சம் பாதி தானாகவே சரியாகும்.

முதலில் வேலையைச் சின்னதாக வெட்டிக் கொடுங்கள். "அந்தப் பக்கத்தை ஒருக்கா பாருங்க தம்பி" என்று ஐந்து பேரை அனுப்பினால் ஐந்து பேரும் சந்திக் கடையில் பிளேன்டி குடித்துவிட்டுத் திரும்பி வருவார்கள், அது அவர்கள் பிழையில்லை, அந்தப் பக்கம் எது, எத்தனை வீடு, எப்போது முடிந்தது என்று சொல்லலாம் என்று அவர்களுக்கே தெரியாது. வாக்காளர் இடாப்பின் பிரதியில் ஒரு ஒழுங்கைக்குரிய பக்கத்தை எடுங்கள், அதை ஒரு கொப்பியில் வீட்டு இலக்கப்படி எழுதிக் கொடுங்கள், இரண்டு பேராக அனுப்புங்கள். ஒருவர் அந்த ஒழுங்கையில் முகம் தெரிந்தவர், மற்றவர் வேறு இடத்தவர். முகம் தெரிந்தவருக்குப் படலை திறக்கும். மற்றவருக்குப் பழைய குடும்பக் கோபதாபம் எதுவும் இல்லாததால் கேள்வி கேட்பது லேசு. ஒரு பின்னேரத்துக்கு இருபது வீடு போதும். முடித்துவிட்டோம் என்று சொல்லக்கூடிய அளவாக இருக்க வேண்டும், அதுதான் முக்கியம். இடாப்பைப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் போடவே வேண்டாம் என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள், ஊர்ச் சனத்தின் பெயரும் வீட்டு இலக்கமும் ஆள் மாறி ஆள் கைக்குப் போவது நல்லதில்லை.

நேரத்தை ஊர் பார்த்துத்தான் வைக்க வேண்டும். கரைவலைக்காரர் இருக்கிற ஊரில் காலையில் கதவைத் தட்டிப் பயனில்லை, மீன் ஏற்றி முடிந்த பிறகுதான் வீட்டில் ஆள் இருக்கும். வயல் ஊர்களில் அறுவடை நேரத்தில் பகல் முழுக்க வீட்டில் கிழவியும் கோழியும்தான். காத்தான்குடி, ஏறாவூர், நிந்தவூர் பக்கம் என்றால் தொழுகை நேரத்தையும் வெள்ளிக்கிழமை மத்தியானத்தையும் விட்டுவிடுங்கள். மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் வெல்லாவெளி, வவுணதீவு மாதிரி யானை வருகிற இடங்களில் இருட்டுவதற்கு முன்பே எல்லாரும் திரும்பிவிட வேண்டும், இதில் விட்டுக்கொடுப்பே இருக்கக் கூடாது. பெண் பிள்ளைகள் வேலைக்கு வர வேண்டும் என்று உண்மையாக நினைத்தால் எத்தனை மணிக்கு வீட்டில் கொண்டுபோய் விடுவீர்கள் என்பதை அவர்களுடைய அம்மாவிடம் நீங்களே நேரில் போய்ச் சொல்லுங்கள். உள்ளூராட்சித் தேர்தலில் பெண்களுக்கு 25 வீத ஒதுக்கீடு வந்த பிறகும் பல ஊர்களில் பெண்கள் பட்டியலில் ஒரு பெயராகவே நிற்பதற்கு, இந்தச் சின்ன ஒழுங்கைக்கூட நாம் செய்யாததும் ஒரு காரணம். வைகாசியில் கண்ணகி அம்மன் சடங்கு தொடங்கினால் பாதிப் பேர் கோயிலில்தான் நிற்பார்கள். கோபிக்காமல் அந்த நாட்களை முதலே கழித்துவிட்டுத் திட்டம் போடுங்கள்.

அடுத்தது படலையடியில் நடப்பது. பிள்ளைகளின் மனம் உடைகிற இடம் இதுதான், அதனால் இதற்குத்தான் அதிகம் பழக்க வேண்டும். அநேகமான வீடுகளில் ஏச்சு விழாது, இப்படித்தான் ஒரு மாமி சொல்லுவா: "எலெக்‌ஷன் முடிஞ்சா ஒருத்தரும் இந்தப் பக்கம் வாறல்ல மனே, போன முறை வந்தவனும் லைட் போட்டுத் தாறன் எண்டுதான் சொன்னான்." இதற்குப் பதினெட்டு வயதுப் பிள்ளை என்ன சொல்லும்? பழக்காமல் அனுப்பினால் ஒன்று வாதாடும், அல்லது "நாங்க கட்டாயம் போட்டுத் தருவம்" என்று வாக்குக் கொடுத்துவிடும். இரண்டும் கூடாது. "உண்மைதான் மாமி, எந்த இடத்துல லைட் இல்ல, காட்டுங்க" என்று கேட்கச் சொல்லுங்கள். இறங்கிப் போய்த் தூணைப் பார்க்கட்டும், தூணில் இலக்கம் இருந்தால் கொப்பியில் எழுதட்டும். மாமி வாக்குப் போடுவாவோ இல்லையோ, அந்தப் பிள்ளை வெறுங்கையோடு திரும்பாது. இதைப் புறப்படுவதற்கு முன் கால் மணித்தியாலம் நடித்துப் பாருங்கள், ஒருவர் மாமி, ஒருவர் குடித்துவிட்டு ஏசுகிற ஐயா, ஒருவர் எதிர்க்கட்சிக்காரர். சிரித்துக்கொண்டே பழகினது படலையடியில் கைகொடுக்கும்.

இதோடு சேர்த்து எது யாருடைய வேலை என்று சொல்லிக் கொடுங்கள். தெருவிளக்கு, குப்பை, சின்ன ஒழுங்கைகள், சந்தை, மயானம், பொது நூலகம் இவை உள்ளூராட்சி சபையின் பொறுப்பு. பெரிய வீதி என்றால் வீதி அபிவிருத்தி அதிகார சபை. கரண்ட் போவது மின்சாரம் வழங்குகிற நிறுவனம். வீட்டுக்காரர் கேட்கிற கேள்விக்கு "இது பிரதேச சபைக்குரியது அண்ணன், மற்றது எங்களுடைய கையில் இல்லை" என்று நேராகச் சொல்லத் தெரிந்த பிள்ளை தலை நிமிர்ந்து நிற்கும், சொல்லத் தெரியாத பிள்ளை நோட்டீஸைக் கையில் திணித்துவிட்டு ஓடி வரும்.

வாக்குப் போடும் முறையும் அப்படித்தான். உள்ளூராட்சித் தேர்தலில் ஒரு கட்சிக்கோ குழுவுக்கோ ஒரே ஒரு புள்ளடி, அவ்வளவுதான். பாராளுமன்றத் தேர்தலில் கட்சிக்குப் புள்ளடி போட்ட பிறகு மூன்று பேர் வரைக்கும் விருப்பு வாக்கு. அடுத்தடுத்துத் தேர்தல் வந்ததில் சனம் இதைக் குழப்பிக்கொள்கிறது. வயதான ஒருவருக்கு இதை விளங்கப்படுத்திவிட்டு வந்த நாளில் அந்தப் பிள்ளையின் முகத்தைப் பாருங்கள், தெரியும்.

விருப்பு வாக்கு என்று வந்தால் இன்னொரு தொல்லையும் கூட வரும். ஒரே பட்டியலில் நிற்கிற இரண்டு வேட்பாளர்களின் ஆட்கள் எதிர்க்கட்சியை விட்டுவிட்டுத் தங்களுக்குள்ளேயே பிடுங்குப்படுவார்கள், நம்முடைய நோட்டீஸுக்கு மேல் நம்முடைய ஆளே நோட்டீஸ் ஒட்டுவான். மூன்று வேட்பாளர்களின் விருப்பு இலக்கத்தையும் சேர்த்தே சொல்வதா, எந்த ஊரில் யாருக்கு முதலிடம் என்பதை வேட்பாளர்களை ஒரே பாயில் இருத்தித் தொடக்கத்திலேயே பேசி முடியுங்கள். மேலே உள்ளவர்கள் தீர்க்காத சண்டையைக் கீழே உள்ள பிள்ளைகள் தலையில் போடுவது அநியாயம்.

பின்னேர வேலை முடிந்ததும் எல்லாரும் ஒரு இடத்தில் கூட வேண்டும். அரை மணித்தியாலம், பிளேன்டி, கடலை வடை, வேறொன்றும் தேவையில்லை. எத்தனை வாக்கு என்று கேட்டுத் தொடங்காதீர்கள். "இன்றைக்கு எந்த வீடு மனதில் நிற்கிறது" என்று ஒவ்வொருவரிடமும் கேளுங்கள். ஒருவர் நாய் துரத்தியதைச் சொல்வார், ஒருவர் மாமி தயிர் தந்ததைச் சொல்வார், அதற்குள்தான் எந்த ஒழுங்கை நமக்குச் சரியில்லை, எந்தப் பேச்சு எடுபடவில்லை என்ற உண்மையான விஷயமெல்லாம் வந்து விழும். வேட்பாளர் கிழமைக்கு இரண்டு நாளாவது இதில் வந்து இருக்க வேண்டும், மேடையில் பேசுவது மாதிரிப் பேசக் கூடாது, கேட்க வேண்டும். தூண் இலக்கம் எழுதிக்கொண்டு வந்த பிள்ளையின் பெயரைச் சொல்லி, அந்த ஒழுங்கையைப் பற்றி ஒரு கேள்வி கேட்டால் போதும், அந்தப் பிள்ளை அடுத்த நாள் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு வரும்.

பெற்றோல் காசு. இதை மறைத்து மறைத்துக் கொடுப்பதை நிறுத்துங்கள். ஒருவனுக்கு ஆயிரம், மற்றவனுக்கு ஐந்நூறு என்று காதோடு காதாக வெளியில் வந்த நாளில் குழு இரண்டாகும். தூரத்துக்கு இவ்வளவு என்று எல்லாருக்கும் தெரிய வையுங்கள், அன்றன்றைக்கே தீருங்கள், பில்லை வாங்கி வையுங்கள். 2023ஆம் ஆண்டின் தேர்தல் செலவின ஒழுங்குபடுத்தல் சட்டப்படி முடிவு வெளியாகி 21 நாட்களுக்குள் கணக்குக் காட்ட வேண்டும் என்பதால் அந்தப் பில் எப்படியும் தேவைப்படும்.

வாட்ஸ்அப்பில் இரண்டு குரூப் வையுங்கள். ஒன்றில் நீங்கள் மட்டும் எழுதுவது, நாளைக்கு யார் எங்கே என்று. மற்றது கதைக்க. ஒரே குரூப்பாக இருந்தால் நாற்பது "குட் மோர்னிங்" படத்துக்கு நடுவில் முக்கியமான தகவல் காணாமல் போகும். பேஸ்புக்கில் யாராவது நம்மைத் தாக்கி எழுதினால் பதில் எழுத ஒரே ஒரு ஆள், மற்ற எல்லாரும் வாயை மூடிக்கொண்டு வேலையைப் பார்க்க வேண்டும். இரவு பத்து மணிக்குக் கமென்டில் சண்டை பிடித்தவன் அடுத்த நாள் பின்னேரம் ஒரு வீட்டுக்கும் போக மாட்டான், அவன் ஏற்கெனவே களைத்துவிட்டான். குறிப்பாகக் கல்முனைப் பக்கம் தமிழர், முஸ்லிம் என்று கதை திரும்பினால், அது கல்முனை வடக்குக்குத் தனிப் பிரதேச செயலகம் வேண்டும் என்ற பிரச்சினையாக இருந்தாலும் வேறு எதுவாக இருந்தாலும், நம்முடைய பிள்ளைகள் மற்றச் சமூகத்தைப் பற்றி ஒரு சொல் தவறாக எழுதக் கூடாது. தேர்தல் ஒரு மாதத்தில் போய்விடும், அடுத்த ஊர்க்காரனோடு அதே சந்தையில் தினமும் நிற்க வேண்டியவர்கள் அவர்கள்தான்.

கடைசிக் கிழமைக்கு முன் கட்டாயம் ஒரு முழு நாள் ஓய்வு. பிரசாரம் முடிந்து வாக்களிப்பு வரைக்கும் அமைதிக் காலம், அதில் நோட்டீஸும் கிடையாது, வீடு வீடாகப் போவதும் கிடையாது, பேஸ்புக் பதிவும் கிடையாது. அதுவரை ஓடிக்கொண்டிருந்த பிள்ளைகள் கை சும்மா இருந்தால்தான் தப்பான வேலைக்கு இழுபடுவார்கள். ஆகவே அந்த நாளுக்கும் வேலை பிரித்து வையுங்கள்: முகவர்களின் கடிதங்களைச் சரிபார்ப்பது, சாப்பாட்டுப் பார்சல் ஒழுங்கு, காலை ஏழு மணிக்கு நிலையம் திறக்கும் முன் யார் யாரை எழுப்பிவிடுவது. வாக்காளரை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போய் இறக்குவது சட்டப்படி குற்றம், நல்ல மனதோடு செய்தாலும் மாட்டுப்படுவது அந்தப் பிள்ளைதான், அதைத் திரும்பத் திரும்பச் சொல்லுங்கள்.

முடிவு வந்த அடுத்த நாளும் எல்லாரையும் கூப்பிடுங்கள். வென்றால் மாலை போட ஆட்கள் தானாக வருவார்கள், தோற்றால்தான் நீங்கள் ஒவ்வொரு பிள்ளையின் வீட்டுக்கும் நேரில் போக வேண்டும், அவர்களுடைய அம்மா அப்பா முன்னால் "உங்கட மகன் இத்தனை வீடு நடந்தவன்" என்று சொல்ல வேண்டும். பாக்கிக் காசு இருந்தால் அன்றைக்கே கொடுத்துவிடுங்கள். தெருவிளக்கும் கானும் எழுதின கொப்பிகளை மூலைக்குள் போட வேண்டாம். ஒழுங்கை வாரியாக ஒரு பிரதி எடுத்து, அந்த வட்டாரத்தில் யார் வென்றாரோ அவரிடம், எழுதின பிள்ளைகளையே கூட்டிக்கொண்டு போய்க் கொடுங்கள், ஒரு மாதம் கழித்து அந்த லைட் எரிகிறதா என்று அவர்களையே போய்ப் பார்த்துவரச் சொல்லுங்கள்.