“நம்ம பையன்தானே” என்று விட்டுவிடும் கணக்கு: சிறு நிறுவனங்களில் நடக்கும் தொழிலாளர் சட்டத் தவறுகள்

“நாளையிலிருந்து வந்துடுப்பா, சம்பளம் பார்த்துக்கலாம்.” பண்ருட்டிப் பக்கம் முந்திரிக் கொட்டகையிலும் சரி, புதுச்சேரி ஓட்டலிலும் சரி, பல வேலைகள் இப்படித்தான் தொடங்குகின்றன. இரு தரப்பும் நல்லபடியாக இருக்கும்வரை குறையில்லை. தகராறு என்று வந்தால் தொழிலாளர் துறையில் கேட்பார்கள்: வேலை நடந்தது எந்த ஊரில், மொத்தம் எத்தனை பேர், இவர் எத்தனை நாள், பணம் கொடுத்ததற்கு என்ன அத்தாட்சி?

முதலில் ஊர். கடலூர், புதுச்சேரி எல்லையான முள்ளோடையைத் தாண்டினால் மாறுவது பெட்ரோல் விலை மட்டுமல்ல. குறைந்தபட்ச ஊதிய அறிவிப்பும் கடைகள் சட்டமும் மாறிவிடும். கடை புதுச்சேரியில் பதிவாகி, குடோன் கடலூர் மஞ்சக்குப்பத்தில் இருந்தால், குடோனில் வேலை பார்ப்பவருக்குத் தமிழ்நாட்டு விகிதம்தான். அந்த விகிதத்தில் அடிப்படை ஊதியத்தோடு பஞ்சப்படியும் சேரும். பஞ்சப்படி ஆண்டுதோறும் ஏப்ரல் 1 முதல் மாறும். ஆடிட்டர் எப்போதோ எழுதிக்கொடுத்த தொகையை மாற்றாமல் கொடுத்து வருபவர்கள் இங்கேதான் மாட்டுகிறார்கள். “குறைந்த சம்பளத்துக்குச் சம்மதம்” என்று தொழிலாளி எழுதிக் கொடுத்திருந்தாலும் அந்தத் தாள் செல்லாது.

அடுத்தது தலைக்கணக்கு. தொழிலாளர் காப்பீடான இஎஸ்ஐ 10 பேர் இருந்தால் கட்டாயம், வருங்கால வைப்புநிதியான பிஎஃப் 20 பேர் இருந்தால். “நம்மகிட்ட எட்டுப் பேர்தான்” என்பவர் பெரும்பாலும் ஏஜென்சி மூலம் வரும் வாட்ச்மேனையும், காலையில் இரண்டு மணி நேரம் பெருக்க வரும் அம்மாவையும், கான்ட்ராக்டில் பேக்கிங் செய்பவர்களையும் எண்ணுவதில்லை. அவர்களும் கணக்கில் உண்டு. மனைவி பெயரில் இன்னொரு நிறுவனம் போட்டு ஆட்களைப் பிரிப்பது பழைய வித்தை. ஒரே இடம், ஒரே நிர்வாகம், ஒரே கல்லா என்று தெரிந்தால் இரண்டையும் ஒன்றாகவே எடுத்துக்கொள்வார்கள். ஒருமுறை வரம்புக்குள் வந்துவிட்டால், பிறகு ஆள் குறைந்தாலும் பொறுப்பு தானாகப் போய்விடாது.

மாதச் சம்பளம் 14,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். இஎஸ்ஐக்குத் தொழிலாளி பங்கு 0.75 சதவீதம், அதாவது 105 ரூபாய். முதலாளி பங்கு 3.25 சதவீதம், 455 ரூபாய். பிஎஃப்புக்கு இருவருக்கும் 12 சதவீதம், தலா 1,680. முதலாளியின் 1,680இல் 1,166 ரூபாய் ஓய்வூதியத் திட்டத்துக்குப் போகும். இரண்டையும் அடுத்த மாதம் 15ஆம் தேதிக்குள் கட்ட வேண்டும். இரண்டு பங்கையுமே சம்பளத்தில் பிடிப்பது சட்டவிரோதம். இதற்கு நேரெதிரான தவறும் உண்டு. “பிடிக்காதீங்க, கையில் கொடுத்துடுங்க” என்று தொழிலாளி கேட்க, முதலாளியும் இரக்கப்பட்டுக் கொடுத்துவிடுவார். பின்னால் நிலுவை கேட்டு நோட்டீஸ் வந்தால், அந்தத் தொழிலாளி பங்கையும் முதலாளியே சுமக்க வேண்டும். பழைய பாக்கியைப் பின்னாளில் சம்பளத்தில் பிடிக்க முடியாது.

இஎஸ்ஐயில் பெரிய அடி விபத்தில்தான் விழும். பதிவான தொழிலாளிக்கு வேலையில் அடிபட்டால், சேர்ந்தது முதல் நாளாகவே இருந்தாலும், சம்பளத்தில் 90 சதவீத அளவுக்கு உதவித்தொகை உண்டு. பதிவு செய்யாமல் இருந்துவிட்டால், கை போன இழப்பீட்டுக்கு முதலாளியின் சொந்தப் பணம்தான் பதில் சொல்ல வேண்டும்.

2025 நவம்பர் 21 முதல் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்துள்ளன. நியமனக் கடிதமும் சம்பளச் சீட்டும் இப்போது கட்டாயம். மாதச் சம்பளம் அடுத்த மாதம் 7ஆம் தேதிக்குள் கைக்கு வர வேண்டும். பேசிக்கைக் குறைத்து, வாடகைப்படி, பயணப்படி என்று ஏற்றி வைக்கும் வழக்கமும் இனி எடுபடாது. மொத்தம் 18,000, பேசிக் 6,000, இத்தகைய படிகள் 12,000 என்றால், மொத்தத்தில் பாதியான 9,000க்கு மேற்பட்ட படி 3,000 ஊதியத்தோடு சேர்ந்துவிடும். பணிக்கொடையான கிராஜுவிட்டியை 6,000க்குப் போடாமல் 9,000க்குப் போட வேண்டும்.

ரொக்கமாகக் கொடுத்துக் கையெழுத்து வாங்காமல் விடுவது முதலாளிகள் செய்யும் மிக விலையுயர்ந்த தவறு. “சம்பளம் வரவில்லை” என்று மனு வந்தால், கொடுத்ததை நிரூபிப்பது கொடுத்தவர் பொறுப்பு. மனு போட மூன்று ஆண்டு அவகாசம் இருக்கிறது. அதுவரை யாருடைய ஞாபகம் தாங்கும்? நிறுவனக் கணக்கிலிருந்து வங்கியில் போடுங்கள். வீட்டார் ஜிபேயிலிருந்து அனுப்பினால் அது கைமாற்றா சம்பளமா என்று பிறகு வாதாட வேண்டிவரும். அட்வான்ஸுக்கும் தனி வவுச்சர், இருவரிடமும் ஆளுக்கொரு நகல். எல்லாப் பிடித்தமும் சேர்ந்து ஊதியத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. அட்வான்ஸைக் காட்டி வேலையை விடவிடாமல் தடுத்தால் அது கொத்தடிமை ஒழிப்புச் சட்டத்துக்குள் போய்விடும்.

எட்டு மணி நேர வேலையும் சேர்த்து உரிமை கேட்டுப் போராடிய மில் தொழிலாளர்கள் 12 பேர் 1936 ஜூலை 30 அன்று சுடப்பட்டு இறந்த ஊர் புதுச்சேரி. அங்கேயே வார இறுதியில் 12 மணி நேரம் நிற்கவைத்துவிட்டு டீயும் பன்னும் கொடுத்தால் ஓவர்டைம் தீர்ந்தது என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். கணக்கு எளிது: மாதம் 13,000, 26 நாளுக்கு வகுத்தால் நாளுக்கு 500, மணிக்கு 62.50. ஓவர்டைமுக்கு இரட்டிப்பு, 125 ரூபாய்.

வேலையை விடும்போது தொழிலாளிகள் செய்யும் தவறு, சண்டை போட்டுவிட்டு மறுநாள் வராமல் இருந்துவிடுவது. “தானாக நின்றுவிட்டார்” என்று எழுத அதுவே போதும். வெளியே போகச் சொன்னார்கள் என்றால், வேலைக்கு வரத் தயார் என்று அன்றே ஒரு கடிதம் எழுதி ஸ்பீட் போஸ்டில் அனுப்பி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். ராஜினாமாவோ நீக்கமோ, பாக்கி ஊதியம் இரண்டு வேலை நாளில் வர வேண்டும். கடலூர்க் கடைகளில், ஆறு மாதம் தொடர்ந்து வேலை பார்த்தவரை நியாயமான காரணமும், ஒரு மாத நோட்டீஸோ அதற்கீடான சம்பளமோ இல்லாமல் நிறுத்த முடியாது. குற்றச்சாட்டு என்றால் விசாரணை நடத்திய தாள் வேண்டும். “எல்லாருக்கும் தெரியும்” என்பது விசாரணை ஆகாது.

பிஎஃப்பில் நம் ஊருக்கே உரிய சிக்கல் இனிஷியல். நிறுவனம் முன்னெழுத்தோடு பதிந்திருக்கும், ஆதாரில் அப்பா பெயர் பின்னால் முழுதாக இருக்கும். பணம் எடுக்கும் நாளில்தான் அது தெரியவரும். சேரும் நாளிலேயே ஆதாரைப் பார்த்து எழுத்துக்கு எழுத்து பதியச் சொல்லுங்கள். வேலை மாறும்போதெல்லாம் பணத்தை வழித்து எடுத்துவிட்டால், ஓய்வூதியத்துக்குத் தேவையான 10 ஆண்டுச் சேவை சேரவே சேராது.

10 பேர் இருக்கும் இடத்தில் பாலியல் புகார்களை விசாரிக்க உள்குழு கட்டாயம். அமைக்காவிட்டால் 50,000 ரூபாய் வரை அபராதம். அதற்குக் குறைவான இடத்தில் புகார் மாவட்ட அளவிலான உள்ளூர்க் குழுவுக்குப் போகும்.

கையில் ஒரு தாளும் இல்லாத தொழிலாளிகூட வெறுங்கையோடு போக வேண்டியதில்லை. சம்பளம் வந்த வங்கி எஸ்எம்எஸ், பிஎஃப் பாஸ்புக், ஷிப்ட் சொல்லி வந்த வாட்ஸ்அப் செய்தி, அடையாள அட்டைப் படம் எல்லாவற்றையும் பிரிண்ட் எடுத்து, தேதி வரிசைப்படி அடுக்கி மனுவோடு வையுங்கள். கடலூரில் வேலை பார்த்தவர் அங்குள்ள தொழிலாளர் உதவி ஆணையர் அலுவலகத்துக்கும், புதுச்சேரியில் பார்த்தவர் அங்குள்ள தொழிலாளர் துறைக்கும் போக வேண்டும். வீடு எந்தப் பக்கம் என்பதை யாரும் கேட்கப்போவதில்லை.