தரகர் யாருடைய ஆள்? திருகோணமலையில் வீடு வாங்குவோர் முதலில் கேட்க வேண்டியது

சில ஆண்டுகளுக்கு முன் என் அக்கா, மகளின் சீதனத்துக்காக உப்புவெளியில் ஒரு வீடு பார்க்கப் போனார். கூட்டிச் சென்ற தரகர் முச்சக்கர வண்டியில் ஏறும்போதே, “அக்கா, நான் உங்கட ஆள். குறைச்சுத்தான் எடுத்துத் தருவன்” என்றார். அந்தச் சொல்லை நம்பிய அக்கா, எவ்வளவு வரை கொடுக்க முடியும் என்பதையும், மாப்பிள்ளை வீட்டார் எந்த மாதத்துக்குள் வீட்டைக் கேட்கிறார்கள் என்பதையும் வழியிலேயே சொல்லி முடித்துவிட்டார். மறுநாள் வீட்டுக்காரர் சொன்ன விலை, அக்கா வண்டிக்குள் சொன்ன தொகையிலிருந்து ஒரு சதமும் குறையவில்லை. தரகருக்குக் கூலி கொடுப்பவர் வீட்டுக்காரரே என்பது பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது. விற்பவருக்காக நல்ல விலை பேசுவது அவருடைய வேலை, அதில் தவறில்லை. “உங்கட ஆள்” என்று சொன்னதுதான் தவறு.

ஆகவே ஒரு வளவைப் பார்க்கப் புறப்படும் முன்பே, “தம்பி, இந்தக் காணிக்கு உங்களுக்கு ஆர் காசு தாறது?” என்று நேராகக் கேளுங்கள். இப்படிக் கேட்பது மரியாதைக் குறைவு அன்று. தொழிலில் பழகிய தரகர் எவரும் இதற்குக் கோபிக்க மாட்டார். திருகோணமலையில் பெரும்பாலும் விற்பவரே நூற்றுக்கு 2 அல்லது 3 வீதம் கொடுப்பார். அப்படியானால் அவர் விற்பவரின் ஆள் என்று எடுத்துக்கொண்டு, உங்கள் உச்ச விலையையும் அவசரத்தையும் அவரிடம் சொல்லாதிருங்கள். இரு பக்கமும் கூலி வாங்கும் தரகரும் உண்டு. அவர் இருவருக்கும் பொதுவானவர் என்று சொல்லிக்கொள்ளலாம். ஆனால் விலை பேசும் நேரத்தில் ஒருவருக்குக் கூட்டியும் மற்றவருக்குக் குறைத்தும் ஒரே ஆளால் பேச முடியாது. அவரிடமிருந்து செய்தியை மட்டும் பெற்றுக்கொண்டு, விலையை வீட்டுக்காரரோடு நீங்களே நேரில் பேசுவது நல்லது.

இன்னொரு முறையும் உண்டு. நான் மிகவும் அஞ்சுவது அதற்குத்தான். எடுத்துக்காட்டாக, சொந்தக்காரர் 20 பேர்ச் காணிக்கு 60 இலட்சம் கேட்கிறார் என்றும், “அதற்கு மேல் வருவது உன்னுடையது” என்று தரகரிடம் சொல்லிவிடுகிறார் என்றும் வைத்துக்கொள்வோம். தரகர் உங்களிடம் 70 இலட்சம் என்கிறார். இங்கே அவர் விற்பவரின் ஆளும் அல்லர், உங்கள் ஆளும் அல்லர், தமக்காகவே நிற்கிறார். காணி உறுதியில், அதாவது விற்பனைப் பத்திரத்தில், 60 இலட்சம் என்றே எழுதப்படும். மீதி 10 இலட்சம் எந்தத் தாளிலும் இராது. நாளை அந்த உறுதியில் பிழை வந்து பணத்தைத் திருப்பிக் கேட்க நேர்ந்தால், அந்த 10 இலட்சத்துக்கு உங்களிடம் சான்றே இல்லை. சொந்தக்காரரைச் சந்திக்க விடாமல் தரகர் சாக்குச் சொல்லிக்கொண்டிருந்தாலும், ஒரே காணிக்கு மூன்று தரகர் தொடராக நின்றாலும், இப்படி மேலே வைத்த விலை இருக்கிறதோ என்று விசாரியுங்கள். முற்பணத்தைத் தரகர் கையில் கொடுக்காமல், சொந்தக்காரரின் வங்கிக் கணக்கில் நேரே வைப்பிலிட்டு, அவரிடமே கையொப்பமிட்ட பற்றுச்சீட்டை வாங்குங்கள்.

கனடாவிலிருந்து இங்கே காணி வாங்கும் உறவுகள் இந்த இடத்தில் அதிகம் தடுமாறுகிறார்கள். ஒன்ராறியோவில் 2023 டிசம்பர் 1 முதல் நடைமுறையிலுள்ள விதிகளின்படி, முகவர் சேவை தொடங்கும் முன்பே தகவல் வழிகாட்டி ஒன்றைக் கொடுத்து விளக்க வேண்டும். விற்பவர், வாங்குபவர் இருவரையும் ஒரே தரப்பு பிரதிநிதித்துவம் செய்வதானால் இருவரின் எழுத்துச் சம்மதமும் வேண்டும். ஸ்காபரோவில் அப்படி ஒரு முகவரை வைத்து வீடு வாங்கியவர், நிலாவெளிக் காணியைப் படம் எடுத்து வட்ஸ்அப்பில் அனுப்பும் தரகரும் தமக்காகவே பேசுகிறார் என்று எண்ணிக்கொள்கிறார். படத்தை அனுப்பியதால் எவரும் உங்கள் பிரதிநிதி ஆகிவிடுவதில்லை.

சில வேளை தரகரின் கையில் சொந்தக்காரரின் அற்றோர்ணித் தத்துவமும், அதாவது அவருக்குப் பதிலாகக் கையொப்பமிட அதிகாரம் தரும் பத்திரமும், இருக்கும். அப்போது அவர் வெறும் இடையாள் அல்லர். சட்டப்படி விற்பவரின் இடத்திலேயே நின்று கையொப்பமிடுபவர். தத்துவத்தைக் கொடுத்தவர் உயிரோடு இருக்கிறாரா, அது நீக்கப்படாமல் இருக்கிறதா, பதியப்பட்டதா என்று பாருங்கள். கொடுத்தவர் இறந்தால் அந்த அதிகாரமும் முடிந்துவிடும். முடிந்தால் வெளிநாட்டிலுள்ள சொந்தக்காரரோடு காணொளி அழைப்பில் பேசிவிடுங்கள். வாங்குபவராக நீங்கள் தத்துவம் கொடுக்க நேர்ந்தால், காணியைக் காட்டிய தரகருக்குக் கொடுக்கவே வேண்டாம்.

உறுதியை எழுதி அத்தாட்சிப்படுத்தும் நொத்தாரிசு விடயத்திலும் இதே கேள்வி எழும். 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டத்தின்படி, காணி விற்பனை எழுத்தில், நொத்தாரிசு முன்பும் இரண்டு சாட்சிகள் முன்பும் கையொப்பமிடப்பட்டால்தான் செல்லும். தரகரின் வாய்ச்சொல்லுக்கு அங்கே இடமில்லை. முத்திரைத் தீர்வையைக் கட்டுபவர் வாங்குபவர். முதல் ஒரு இலட்சத்துக்கு 3 வீதமும் மீதிக்கு 4 வீதமுமாக, 60 இலட்சத்துக்கு 2,39,000 ரூபாய் வரும். பணம் கட்டுவது நீங்கள் என்றால் நொத்தாரிசைத் தெரிவு செய்வதும் நீங்களாகவே இருங்கள். “எங்கட ஐயா இருக்கிறார், இரண்டு நாளில முடிச்சுத் தருவார்” என்று தரகர் அழைத்துச் செல்பவரிடம் அவசரப்பட்டுக் கையொப்பமிட வேண்டாம். காணிப் பதிவகத்தில் குறைந்தது 30 ஆண்டுக்கான பதிவுகளைத் தேடச் சொல்லுங்கள். நேரத்தை மிச்சப்படுத்த, உரித்து (காணி யாருக்குச் சொந்தம் என்பது) ஆராயப்படவில்லை என்ற வரியோடு உறுதி எழுதப்படுவதும் உண்டு. வரைவை வாசிக்கும்போது அந்த வரி இருக்கிறதா என்று பாருங்கள்.

விற்பவரின் தரகர் தானாக எடுத்துச் சொல்லாத இரண்டு விடயங்கள் நம் ஊரில் அடிக்கடி வருகின்றன. ஒன்று, 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அரசு அனுமதிப்பத்திரத்தில் கொடுத்த காணி. இதைப் பிரதேச செயலாளரின் அனுமதியின்றிக் கைமாற்ற முடியாது; தரகர் “போமிட் காணிதான், பிரச்சினை இல்லை” என்றால் பிரதேச செயலகத்தில் விசாரித்த பிறகே அடுத்த அடி வையுங்கள். மற்றது கடற்கரை. உயர்நீர்மட்டக் கோட்டிலிருந்து 300 மீற்றர் வரை கரையோர வலயம் என்பதால், நிலாவெளியிலோ சாம்பல்தீவிலோ கடலைப் பார்த்த காணியில் கட்டுமுன் கரையோரத் திணைக்களத்தின் அனுமதி பற்றி அறிந்துகொள்ள வேண்டும்.

உண்மையிலேயே உங்களுக்காக ஒருவர் உழைக்க வேண்டுமென்றால், கூலியையும் நீங்களே கொடுங்கள். ஒரு பக்கத்தில் எழுதினால் போதும்: அவர் உங்களுக்காக மட்டும் பேசுவார், விற்பவரிடமிருந்து எதையும் வாங்க மாட்டார், கூலி இவ்வளவு, உறுதி பதிவான பிறகே அது கொடுக்கப்படும். கூலியை விலையின் வீதமாக அல்லாமல் ஒரே தொகையாகப் பேசுங்கள். இல்லாவிட்டால் விலை ஏறுவதில் அவருக்கும் இலாபம் உண்டு.

அக்கா உப்புவெளி வீட்டை விட்டுவிட்டு, ஏழு மாதம் கழித்து அலஸ்தோட்டத்தில் ஒன்றைப் பார்த்தார். அங்கே தரகர், கேட்ட உடனேயே, “வீட்டுக்காரர்தான் தாறார், அக்கா” என்றார். அக்கா அவரோடு கிணறு, எல்லை, பாதை பற்றி மட்டும் பேசினார். விலையை வீட்டுக்காரரின் திண்ணையில் அவரோடும் அவருடைய மனைவியோடும் பேசி முடித்தார்.