அடாப்டிவ் மெஷில் சமச்சீர் குலையும் இடங்கள்

வடிவமும் எல்லை நிபந்தனைகளும் சமச்சீராக இருந்தால் அடாப்டிவ் மெஷும் (பிழை அதிகமுள்ள இடங்களில் செல்கள் எனும் கட்டங்களைச் சிறிதாகப் பிரித்துக்கொள்ளும் கணக்கீட்டு வலை) தானாகவே அப்படி வந்துவிடும் என்று புதிதாக சிமுலேஷனுக்கு வருபவர்கள் நம்புகிறார்கள். நாங்களும் அப்படி நம்பியவர்கள்தான். அலகுக் குழப்பம், எல்லைக்குத் தவறான பெயர் போன்றவை சீக்கிரமே வெளிப்பட்டுவிடும் என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன்.

சதவீதம் வைத்து செல்களைப் பிரிப்பது

இன்றும் எனக்கு எரிச்சலூட்டுவது இதுதான். "பிழை அதிகமுள்ள 30 சதவீத செல்களைப் பிரி" என்று ஒரே வரியில் சொல்லிவிடலாம், அதனால் எல்லோரும் அதையே எழுதுகிறார்கள். மொத்தப் பிழையில் ஒரு பங்கு சேரும்வரை செல்களை எடுத்துக்கொண்டே போகும் டோர்ஃப்ளர் முறையிலும் (1996) இதே வம்பு உண்டு.

சமச்சீரான ஓட்டத்தில் ஒவ்வொரு செல்லுக்கும் அச்சின் மறுபக்கம் ஒரு ஜோடி இருக்கும். இரண்டின் பிழை அளவும் ஒன்றே. வரிசைப்படுத்தி வெட்டும் இடம் ஒரு ஜோடிக்கு நடுவே விழுந்தால் ஒன்று பிரியும், மற்றது பிரியாது. பிழை அளவுக்கு ஒரு நிலையான வரம்பு வைத்தாலும் முழுப் பாதுகாப்பு இல்லை. கணினிக்கு (0.1+0.2)+0.3 வேறு, 0.1+(0.2+0.3) வேறு. ஜோடி செல்களில் கூட்டும் வரிசை மாறினால் 16ஆவது இலக்கத்தில் வித்தியாசம் வரும், வரம்பு அந்த இடுக்கில் சிக்கினால் போதும். ஒரு பக்கம் மட்டும் பிரிந்த பிறகு வித்தியாசம் செல் அளவு தரும் பிழையின் அளவுக்கே வளர்ந்துவிடும்.

ஒரு மாணவர், திடீரென 3 மடங்கு அகலும் கால்வாயில் ஓட்டத்தைக் கணக்கிட்டுக்கொண்டிருந்தார். ரெனால்ட்ஸ் எண் (பாகுநிலையோடு ஒப்பிட ஓட்டத்தின் நிலைமம் எவ்வளவு பெரிது என்று சொல்லும் எண்) ஒரு அளவைத் தாண்டினால் இந்த ஓட்டம் ஒரு சுவர்ப் பக்கம் சாய்ந்துவிடும். அது உண்மையான இயற்பியல்; ஃபெர்ன், முல்லின், கிளிஃப் மூவரும் 1990இல் சோதனையாலும் கணக்கீட்டாலும் காட்டியது. மேலா கீழா என்பதில் இயற்கைக்கு ஓரவஞ்சனை கிடையாது. இவருக்கோ எப்போதும் மேல் சுவர்தான். அதற்குக் காரணம் கற்பித்து ஒரு பத்தியே எழுதி வைத்திருந்தார்! மெஷைத் தலைகீழாகப் புரட்டி ஓட்டச் சொன்னேன். ஓட்டம் கீழே சாய்ந்தது.

பக்கம் மாறுவதோடு போனால் பரவாயில்லை. கோணல் மெஷில், சமச்சீரான விடையிலிருந்து மேலே சாயும் விடையும் கீழே சாயும் விடையும் கிளை பிரியும் புள்ளியே இருக்காது: ஒரு கிளை வழுக்கிக்கொண்டு வளைந்து போகும், இன்னொன்று துண்டாகித் தனியே நிற்கும். அவர் தேடிய மாறுநிலை ரெனால்ட்ஸ் எண் அந்த மெஷில் எங்குமே இல்லை. அத்தனை கிளஸ்டர் நேரமும் வீண்.

சரி, வழி என்ன? தேர்வுக்கு முன்பே ஜோடி சேருங்கள். இரண்டு பிழை அளவுகளில் பெரியதை இரண்டுக்கும் கொடுத்து, ஜோடியாகவே பிரியுங்கள், ஜோடியாகவே திரும்பச் சேருங்கள். குவாட்ட்ரீயில் (சதுரத்தை நான்கு நான்காகப் பிரித்துக்கொண்டே போகும் மெஷ்) 2:1 விதிக்காக, அதாவது அடுத்தடுத்த செல்களின் பக்க அளவு இரு மடங்குக்கு மேல் வேறுபடாமல் இருக்க, வரும் கூடுதல் பிரிப்புகள் அப்புறம் தாமாகவே சமச்சீராக அமையும். ஜோடியைத் தேட தசம ஆயத்தொலைவுகளை நம்பாதீர்கள், முழு எண் குறியீடு போதும்: வரிசையில் 64 செல் என்றால் 0க்கு 63, 1க்கு 62.

பாதி டொமைனை (கணக்கிடும் பகுதியை) மட்டும் கணக்கிடுவது

உருளையைச் சுற்றிய ஓட்டத்தில் ரெனால்ட்ஸ் எண் சுமார் 47ஐத் தாண்டினால் சுழல்கள் மாறி மாறி உதிரும். நடுவில் சமச்சீர் எல்லை போட்டுப் பாதியை மட்டும் எடுத்தால் 100இலும் அவை வராது. இழுவிசையும் குறைவாகவே வரும். முழு டொமைனில் மெஷ் மட்டும் சமச்சீராக இருந்தால், விடை சமச்சீரை உடைப்பதற்குத் தடை இல்லை.

முக்கோணங்களை டெலானேயிடம் விடுவது

எந்த முக்கோணத்தின் சுற்றுவட்டத்துக்குள்ளும் வேறு புள்ளி விழக்கூடாது என்பது டெலானே விதி. சதுரத்தின் 4 மூலைகளும் ஒரே வட்டத்தில் இருப்பதால் எந்த மூலைவிட்டமும் டெலானே விதிக்குச் சரிதான். நிரல் ஏதோ ஒன்றை எடுக்கும். பாதியை உருவாக்கிப் பிரதிபலியுங்கள். அச்சின் மேலுள்ள புள்ளிகள் இரு பக்கத்துக்கும் பொதுவாக இருக்கட்டும்.

படத்தைப் பார்த்துத் திருப்தி அடைவது

வேண்டாம். ஜோடியில்லாத செல்களை நிரலே எண்ணட்டும், 0 வராவிட்டால் நிற்கட்டும்.

தொந்தரவு தானாக வரும் என்று காத்திருப்பது

மெஷ் சரியானதும் சுழல் உதிரத் தொடங்க நெடுநேரம் பிடிக்கும். சிலர் பயந்துபோய்ப் பழைய மெஷுக்கே திரும்பிவிடுகிறார்கள். நுழைவு வேகத்தில் ஒரு சிறு தொந்தரவை நீங்களே கொடுங்கள். அதன் அளவையும் எவ்வளவு நேரம் கொடுத்தீர்கள் என்பதையும் ஆய்வறிக்கையில் எழுதுங்கள்.